கையில் இந்தியப் பாஸ்போர்ட், வாசலில் ஜூரி சம்மன்: இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கதவின் தபால் ஓட்டை வழியாக விழுவதில் பாதி பீட்சா விளம்பரம், மீதி வீட்டுத் தரகர்களின் கடிதம். அதனால் அந்த உறையை நான் இரண்டு நாள் பிரிக்கவே இல்லை. பிரித்துப் பார்த்தால் ஜூரி சேவைக்கு அழைப்பு, அதாவது குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக வந்து உட்காரச் சொல்லி. பக்கத்து ஊர் கிரவுன் கோர்ட்டுக்கு, ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு இங்கே ஐ.எல்.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) இருக்கிறது. பாஸ்போர்ட் இந்தியா. இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஒப்புக்கொள்ளாது என்பதால், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் கூட்டத்தில் நானும் ஒருவன். 'குடியுரிமை இல்லாதவனை எப்படி ஜூரியில் உட்கார வைப்பார்கள், ஏதோ தவறு நடந்திருக்கிறது' என்று நினைத்து, கடிதத்தை ஃபிரிட்ஜ் காந்தத்தின் அடியில் செருகிவிட்டேன். அங்கே ஆரம்பித்த குழப்பம் தீர ஒரு மாதம் ஆனது. நீங்கள் அந்த மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

நான் எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் வாக்காளர் விதிகள் கொஞ்சம் வேறு. ஸ்காட்லாந்தின் ஜூரியில் 15 பேர், சட்டமும் தனி.

1. கடிதம் சரியான ஆளுக்குத்தான் வந்திருக்கிறது

ஜூரிக்கு ஆள் எடுப்பது வாக்காளர் பட்டியலிலிருந்து. கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் பெயரை எடுக்கிறது, ஜூரி சென்ட்ரல் சம்மனிங் பியூரோ என்ற அலுவலகம் கடிதம் அனுப்புகிறது. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு என்று அந்தக் குலுக்கல் பார்ப்பதில்லை.

பட்டியலில் நான் எப்படி வந்தேன்? வீடு மாறியபோது கவுன்சில் (உள்ளாட்சி அலுவலகம்) அனுப்பிய படிவத்தை நிரப்பியிருந்தேன். காமன்வெல்த் (பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் ஆட்சி நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டுக் குடிமக்கள் இங்கே சட்டப்படி தங்கியிருந்தால் வாக்காளராகப் பதிவு செய்யலாம், பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போடலாம். கடன் வாங்கும்போது கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் பதிவு செய்தவர்கள்தான் நம்மில் அதிகம். அந்தப் பதிவோடு ஜூரி கடமையும் வந்துவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

2. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

மூன்று கேள்விகள்தான்.

வயது 18 முடிந்து, 76 ஆகாமல் இருக்கிறதா?

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா? சம்மன் வந்தாலே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

13 வயதுக்குப் பிறகு, பிரிட்டனில் குறைந்தது 5 வருடம் தொடர்ந்து வசித்திருக்கிறீர்களா? நடுவில் ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்து வந்ததெல்லாம் இந்தக் கணக்கைக் கெடுக்காது. குடியிருப்பு இங்கே இருந்தால் போதும்.

நம்மவர்கள் தடுமாறுவது மூன்றாவது கேள்வியில்தான். மூன்று வருடம் முன்பு ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவில் வந்த பையனுக்கும் சம்மன் வரும், ஏனென்றால் பட்டியலில் அவன் பெயரும் இருக்கிறது. அவன் பதிலில் '5 வருடம் ஆகவில்லை' என்று எழுதினால் விட்டுவிடுவார்கள். எழுதாமல் போய் உட்காரக் கூடாது. தகுதி பற்றிய கேள்விக்குத் தெரிந்தே பொய்யான பதில் சொன்னால் அபராதம் உண்டு.

குற்ற வழக்கு விஷயத்திலும் தடை இருக்கிறது. இப்போது ஜாமீனில் இருப்பவர்கள், கடந்த 10 வருடத்தில் சிறைத் தண்டனையோ நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோ சமூக சேவை உத்தரவோ பெற்றவர்கள், எப்போதாவது 5 வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்கள் ஜூரியில் இருக்க முடியாது. மறைத்தால் அபராதம் 5,000 பவுண்டு வரை போகும்.

சரி, எந்தெந்தப் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தும்? இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எல்லாம் காமன்வெல்த். தமிழர் போய்ச் சேர்ந்த பழைய ஊர்கள் அநேகமாக எல்லாமே இதில் அடங்கிவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஈழத் தமிழர்களுக்குத்தான் சிக்கல். பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 2020 டிசம்பர் 31-க்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி வசித்துவந்தால் உள்ளூர்த் தேர்தலுக்குப் பதிவு செய்யலாம், அந்த வழியாக ஜூரிக்கும் வரலாம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு வழியில்லை. சுவிஸ், நார்வே பாஸ்போர்ட்டுக்கு இங்கே வாக்காளர் பட்டியலே கிடையாது.

இங்கே கொஞ்சம் என் புலம்பலையும் கேளுங்கள். என் நண்பர் ஒருவர் மதுரைக்காரர், பாஸ்போர்ட் அமெரிக்கா. 18 வருடமாக இங்கே இருக்கிறார். ஐ.எல்.ஆர்., சொந்த வீடு, வரி எல்லாம் உண்டு. அவரை ஜூரிக்குக் கூப்பிட மாட்டார்கள், அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இங்கே வாக்குரிமை இல்லை. அவர் டீமில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பையன் விசாவில்தான் இருக்கிறான், போன மாதம்தான் 5 வருடம் முடிந்தது. அவனைக் கூப்பிடலாம். குடியுரிமையைப் பார்த்துக் கோடு போட்டிருந்தால் புரியும். நிரந்தர வசிப்புரிமையைப் பார்த்துப் போட்டிருந்தாலும் புரியும். இவர்கள் பார்ப்பது பழைய சாம்ராஜ்யத்தின் ரேஷன் கார்டில் உங்கள் ஊர் பெயர் இருந்ததா என்பதை. என்னைக் கேட்டால் 5 வருடக் கணக்குதான் நல்ல அளவுகோல். இந்தத் தெருவில் 5 வருடம் நடந்தவனுக்கு, பஸ் ஸ்டாப்பில் நடந்த கைகலப்பில் யார் சொல்வது நம்பும்படி இருக்கிறது என்று தெரியும். பாஸ்போர்ட்டின் நிறம் அதைச் சொல்லாது.

3. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகனிடம் கேட்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டேன். நியூ ஜெர்சியிலிருந்து உடனே பதில்: "டேய், நீ சிட்டிசன் இல்லைன்னு எழுதி அனுப்பிடு. உட்கார்ந்தா உன் பி.ஆரே போயிடும்!"

அவன் பொய் சொல்லவில்லை, அவன் ஊரில் அதுதான் உண்மை. அமெரிக்காவில் ஃபெடரல் கோர்ட்டானாலும் எந்த மாநிலக் கோர்ட்டானாலும் ஜூரியில் உட்காரக் குடியுரிமை வேண்டும். ஆனால் பல இடங்களில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சம்மன் போய்விடும். அங்கே 'நான் குடிமகன்' என்ற கட்டத்தில் தெரிந்தே டிக் அடித்தால் பொய்யாகக் குடியுரிமை கோரிய குற்றம். நாடு கடத்தும் அளவுக்குப் போகலாம். கிரீன் கார்டுக்காரர்களையும் ஜூரியில் சேர்க்க 2013-இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. வாக்குரிமை மாதிரி இதுவும் குடிமக்களுக்கே உரியது என்று சொல்லி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் அங்கே நிலைமை மாறவில்லை.

ஆகவே அமெரிக்காவில் இருப்பவர் இதைப் படித்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையைப் பின்பற்றாதீர்கள். குடிமகன் இல்லை என்று உண்மையை எழுதி, கெடுவுக்குள் அனுப்புங்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு நேர் எதிர். 'நான் பிரிட்டிஷ் இல்லை' என்பது இங்கே ஒரு காரணமே ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஜூரியில் உட்கார்ந்ததால் ஐ.எல்.ஆருக்கு எந்த ஆபத்தும் வராது. குடியுரிமை விண்ணப்பத்தில் அதனால் கூடுதல் மதிப்பெண்ணும் கிடையாது. போகாமல் இருந்து அபராதம் வாங்கினால்தான் பிரச்சினை, ஏனென்றால் நன்னடத்தைக் கேள்விகளில் கோர்ட் தண்டனைகளைப் பற்றி விசாரிப்பார்கள்.

4. ஏழு நாளுக்குள் பதில்

சம்மன் கிடைத்ததிலிருந்து 7 நாள். நான் தாண்டிவிட்டேன், நினைவூட்டல் கடிதம் வந்தது. பதில் போடாவிட்டாலும், சொன்ன நாளில் போகாவிட்டாலும் 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

ஆன்லைனில் பதில் அனுப்பக் கால் மணி நேரம் போதும், பெயரில் சிக்கல் இல்லையென்றால். நம்மவர்களுக்குப் பெயரில்தானே எல்லாச் சிக்கலும்! கடிதத்தில் 9 இலக்க ஜூரி எண் இருக்கும். அதோடு கடைசிப் பெயரையும் கேட்கும். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்தேன். பழக்க தோஷத்தில் என் பெயரையே கடைசிப் பெயராக அடித்தேன். ஏற்கவில்லை. இனிஷியல் போட்டேன், அதையும் ஏற்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் உறையில் அச்சடித்திருந்த பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடித்தால் போதும் என்று புத்தியில் பட்டது.

அதனால் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள், தவறாக இருந்தாலும் சரி. பெயர் திருத்த வேண்டுமென்றால் உள்ளே போன பிறகு அதற்குத் தனியாக இடம் இருக்கிறது. அங்கே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைக் கொடுத்துவிடுங்கள், முதல் நாள் வாசலில் அடையாளம் காட்டும்போது உதவும்.

ஆன்லைன் ஒத்துவராதவர்கள் தாள் படிவம் கேட்டு வாங்கித் தபாலில் அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை: 'ஜூரிக்கு வரவில்லை, உடனே அபராதம் கட்டுங்கள்' என்று போனில் யாராவது கார்டு நம்பர் கேட்டால் மோசடி. வைத்துவிடுங்கள்.

5. தேதி ஒத்துவரவில்லையா?

ஊரில் தங்கை கல்யாணம், டிக்கெட் போட்டாகிவிட்டது, அதே வாரம் சம்மன். இதற்குப் பயப்பட வேண்டாம். தள்ளிப்போட ஒரு தடவை அனுமதி உண்டு, 12 மாதத்துக்குள். பதில் அனுப்பும்போதே காரணத்தை எழுதி, அடுத்த 12 மாதத்தில் உங்களுக்கு ஒத்துவரும் மூன்று தேதிகளையும் சேர்த்துச் சொல்லலாம். டிக்கெட், ஆபரேஷன் தேதிக் கடிதம், பரீட்சை அட்டவணை என்று எது இருக்கிறதோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தடவைதான் என்பதை மறக்க வேண்டாம். அலுவலகத்தில் ரிலீஸ் வருகிறது என்று அதைச் செலவழித்துவிட்டால், பிறகு ஊர்ப் பயணம் குறுக்கிடும்போது கையில் ஒன்றும் இருக்காது.

முழுமையாக விலக்குக் கேட்பது வேறு. 12 மாதத்துக்குள் எப்போதுமே வர முடியாது என்பதற்குக் காரணம் வேண்டும்: கடும் நோய், வீட்டில் ஒருவரை முழு நேரம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கைக்குழந்தை. கடந்த 2 வருடத்துக்குள் ஜூரியில் இருந்தவர்களும் விலக்குக் கேட்கலாம்.

பெற்றோருக்குச் சம்மன் வந்தால்? எங்கள் பக்கத்து வீட்டு இலங்கை மாமிக்கு வந்தது. 68 வயது, ஐ.எல்.ஆர்., கடைக்குப் போய்ப் பொருள் வாங்கும் அளவுக்கு ஆங்கிலம். "நான் போய் ஒருத்தனை உள்ளுக்குப் போடுறதே?" என்று பயந்துபோனார். வழக்கைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் போதாது என்றால் அதையே காரணமாக எழுதி விலக்குக் கேட்கலாம். எழுதாமல் நேரில் போனாலும், மொழி போதாது என்று தெரிந்தால் நீதிபதி அனுப்பிவிடுவார். காது கேளாதவர்களுக்கு 2022-இலிருந்து சைகை மொழிபெயர்ப்பாளரை ஜூரி அறைக்குள் அனுமதிக்கிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வசதி இல்லை. மாமிக்குப் பிள்ளைகள் உதவிப் பதில் எழுதினார்கள், விட்டுவிட்டார்கள்.

6. அலுவலகத்தில் சொல்வது

பதில் அனுப்பி, தேதி உறுதி ஆனதும் அன்றே சொல்லுங்கள். நான் சொன்னபோது எச்.ஆரில் இருந்தவர் "நீ பிரிட்டிஷ் இல்லையே?" என்றார். ஏதோ ஏமாற்றுகிறேன் என்ற தோரணை. வெளிநாட்டுக்காரர்களுக்கு இது பொருந்தாது என்று மெயிலும் போட்டார். வாக்காளர் பட்டியல், 5 வருடம், காமன்வெல்த் என்று மூன்று வரியில் பதில் எழுதி, சம்மன் நகலை இணைத்த பிறகுதான் அடங்கினார்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஜூரி சேவைக்கு நேரம் விடுவது முதலாளியின் கடமை. போனதற்காக வேலையை விட்டு நீக்கவோ பழிவாங்கவோ முடியாது. வேலைக்கு மிகவும் பாதகம் என்றால் தேதி தள்ளிப்போடச் சொல்லி உங்களைக் கேட்கலாம். ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் முழுச் சம்பளமும் தருகின்றன, சில ஐந்து நாளுக்குத் தருகின்றன, சில ஒன்றும் தருவதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சம்பளம் பிடிப்பார்கள் என்றால், வருமான இழப்புச் சான்றுப் படிவத்தை எச்.ஆர். நிரப்பிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இந்தப் படிவம் இல்லாமல் இழப்பீடு கிடையாது. எனக்கு இது கைக்கு வர மூன்று வாரம் ஆனது. 'பேரோல் டீம் பார்க்கும்', 'மேனேஜர் லீவு' என்று இழுத்தார்கள். முதல் நாளுக்குள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பணக் கணக்கு

ஜூரி சேவைக்குச் சம்பளம் இல்லை. இழப்பை ஈடுகட்டுகிறார்கள், அதுவும் ஒரு வரம்புக்குள். நான் போனபோது இருந்த கணக்கு இது.

முதல் 10 நாளுக்கு, கோர்ட்டில் 4 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் நாளொன்றுக்கு 64.95 பவுண்டு வரை. 4 மணி நேரமோ அதற்குக் குறைவோ என்றால் 32.47. பத்தாவது நாளுக்குப் பிறகும் வழக்கு நீண்டால் வரம்பு 129.91 ஆகிறது. சம்பள இழப்பு மட்டுமல்லாமல், இதற்காகக் கூடுதலாகக் கொடுத்த குழந்தைப் பராமரிப்புச் செலவும் அந்த ஒரே வரம்புக்குள்தான் வரும். இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

சாப்பாட்டுக்கு நாளுக்கு 5.71 பவுண்டு. பஸ், ரயில், டியூப் என்றால் டிக்கெட் விலை. கார் என்றால் மைலுக்கு 31.4 பென்ஸ், சைக்கிளுக்கு 9.6 பென்ஸ். டாக்ஸிக்கும் பார்க்கிங்குக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வாங்காமல் ரசீது கொண்டுபோனால் பணம் வராது. கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டிப் போகிறவர்கள் பயணப் பட்டியலை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது நாளுக்குச் சுமார் 140 பவுண்டு. 10 நாளுக்கு 1,400. கோர்ட் கொடுத்தது 649.50. மீதி 750 பவுண்டு என் சொந்தக் காசு. அந்த மாத வீட்டுத் தவணைக்குச் சேமிப்பில் கை வைத்தேன். ஆறு வாரம் முன்பே சம்மன் வருவதால் அதற்குள் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வரிக் கணக்கைக் காட்டி இழப்பை நிரூபிக்க வேண்டும். ஊபர் ஓட்டும் நண்பர்கள் இதில் ரொம்பச் சிரமப்படுகிறார்கள், போன வருட வரிக் கணக்கை முன்னமே தயார் செய்துகொள்ளுங்கள்.

சேவை முடிந்ததும் படிவத்தைக் கொடுத்தால் ஏழிலிருந்து பத்து வேலை நாளுக்குள் வங்கிக் கணக்கில் பணம் விழும். 12 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

8. முதல் நாள்

வழக்கமாக 10 வேலை நாள். சிலருக்குக் குறையும். நீண்ட வழக்கு என்றால் முன்பே கேட்பார்கள், அப்போது உங்கள் சிரமத்தைச் சொல்லலாம்.

எடுத்துப் போக வேண்டியவை: சம்மன் கடிதம், பாஸ்போர்ட் அல்லது புகைப்படம் உள்ள டிரைவிங் லைசென்ஸ், வருமான இழப்புச் சான்றுப் படிவம். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் குடியேற்ற நிலையைக் காட்டும் ஹோம் ஆஃபீஸ் (உள்துறை அமைச்சகம்) ஆவணத்தையும் ஏற்கிறார்கள். ஒரு புத்தகம். கண்டிப்பாக ஒரு புத்தகம், அல்லது இரண்டு.

வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை. என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார்கள். தயிர்சாத டப்பாவை அந்தக் காவலர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார், ஊறுகாயைப் பார்த்து "இது காரமா?" என்றார், விட்டுவிட்டார். இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்து யாரும் ஒரு புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. ஒரு மாதமாக நான் பட்ட கவலைக்கு அந்த இரண்டு வினாடிதான் பதில்.

பிறகு காத்திருப்பு. ஜூரிகள் கூடும் அறையில் விதிமுறைகளைச் சொல்லி வீடியோ போடுவார்கள். அப்புறம் பெயர் கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் நாள் முழுக்க என்னைக் கூப்பிடவே இல்லை. இரண்டாம் நாள் பதினைந்து பேரைக் கோர்ட் அறைக்குள் கூட்டிப்போய், சீட்டுக்களைக் கலைத்து 12 பெயரை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கிளார்க் ஒரு சீட்டை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மூச்சை இழுத்து நிறுத்தினார். என் பெயர்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவரோ சாட்சியோ உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் நம் ஆட்கள் ஒருவரையொருவர் கோயிலிலோ பிள்ளைகளின் நடன வகுப்பிலோ பார்த்திருப்போம். தூரத்துப் பழக்கம்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

9. சத்தியமும் வாயைக் கட்டுவதும்

புத்தகத்தின் மேல் சத்தியம் செய்யலாம், அல்லது புத்தகம் இல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம். பைபிள், குரான், கீதை எல்லாம் வைத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் மதிப்பு ஒன்றே. சாட்சியங்களை வைத்து நேர்மையாகத் தீர்ப்புச் சொல்வேன் என்பதுதான் அதன் சாரம். அட்டையைப் பார்த்துப் படிக்கலாம், மனப்பாடம் வேண்டாம்.

அதற்குப் பிறகு விதிகள் கடுமை. வழக்கைப் பற்றி இணையத்தில் தேடக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரையோ சம்பவம் நடந்த தெருவையோ கூகுள் வரைபடத்தில்கூடப் பார்க்கக் கூடாது. இது குற்றம், 2 வருடம் வரை சிறை. ஜூரி அறைக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பிறகு எப்போதும், மனைவியிடம்கூட, சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் குழு? பேச்சே வேண்டாம். நியூ ஜெர்சி அத்தை மகன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

நம் மொழி தெரிந்ததால் வரும் ஒரு சிக்கல். சாட்சி தமிழில் பேசி, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லும்போது, 'அவர் சொன்னது அதில்லையே' என்று உங்களுக்குப் படலாம். உள்ளே போய் மற்ற பதினொரு பேருக்கும் நீங்களே மொழிபெயர்ப்பாளராகி விடாதீர்கள். ஒரு தாளில் எழுதி அஷரிடம் (ஜூரிகளைக் கூட்டிப்போகும் கோர்ட் ஊழியர்) கொடுங்கள், அது நீதிபதிக்குப் போகும். எந்தச் சந்தேகத்துக்கும் அதே வழிதான்.

தீர்ப்புக்கு முதலில் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தது 2 மணி 10 நிமிடம் கழித்தும் முடியாவிட்டால், பத்துப் பேர் ஒத்துப்போனால் போதும் என்று நீதிபதி சொல்லக்கூடும். நம் பழக்கத்தில் பெரியவர்கள் பேசும்போது சும்மா இருந்துவிடுவோம். ஆங்கில உச்சரிப்பை நினைத்துக் கூசிப் பேசாமல் இருப்பவர்களும் உண்டு. நானும் முதல் அரைமணி நேரம் அப்படித்தான் இருந்தேன். அதற்குமேல் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

10. முடிந்த பிறகு செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

செலவுப் படிவத்தை அன்றே கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஃபிரிட்ஜ் காந்தத்தின் அடிக்குப் போய்விடும்.

நீங்கள் சேவை செய்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். குலுக்கலுக்கு ஞாபகம் கிடையாது. 2 வருடத்துக்குள் மறுபடி சம்மன் வந்தால் விலக்குக் கேட்க இதுதான் ஆதாரம்.

அப்புறம், வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயரையும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரையும் ஒன்றாக்கிவிடுங்கள். கவுன்சிலுக்குச் செலவில்லாத ஒரு படிவம்தான். நான் போன வாரம் அனுப்பினேன். உறுதிக் கடிதம் வந்திருக்கிறது, அதில் என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறி இருக்கின்றன. மறுபடி எழுதியிருக்கிறேன்.